மைக்கில் விழுந்த பேச்சு

என்னுடைய முதல் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்ததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. சாத்தூரில் பழைய கம்ப்யூட்டர் விற்பவர், இதில் விண்டோஸ் போட்டால் நகராது, லினக்ஸ் போட்டுத் தருகிறேன், நன்றாக ஓடும் என்றார். ஓடத்தான் செய்தது. ஹெட்போன் சொருகுகிற துளை மட்டும் உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. எனக்கு எதைக் கேட்பதற்கும் கூச்சம்தான்.

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்கள். ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான் வீடு. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சூலக்கரையில் ஒரு அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் டைப் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளியூர் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்து விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது லேப்டாப் வழியாக நேர்காணல். போனில் பேசக் கூடாது, வேலை பார்க்கப்போகிற கருவியிலேயே பேச வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை.

அந்தச் சமயம் பார்த்து ஆலை மூடியிருந்தது. வேறோர் ஆலையில் விபத்து நடந்து, அதிகாரிகள் வரிசையாகச் சோதனை போட்டதில் இதையும் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் ஆள் ஏற்ற வரும் வேன் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் பகல் முழுக்க வீட்டில் இருந்தார்கள். அத்தனை பகல்களை அந்த வீட்டில் அவர்கள் கழித்து நான் பார்த்ததில்லை. அம்மா விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்குவாள். அப்பா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். அவருக்குப் பட்டாசு மருந்துத் தூசியில் பிடித்த இருமல் உண்டு. தொடங்கினால் சீக்கிரம் நிற்காது.

நேர்காணலன்று காலையில் இருவரையும் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னேன். சுவரில் நல்ல சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அறிமுகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அடுப்படியிலிருந்து அம்மா, "ஏத்தா, சோறு ஆறுது, தின்னுட்டுப் பேசு" என்றாள். அவர்கள் வரத் தாமதமானது தெரியாமல், நான் அதற்குள் பேசி முடித்திருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கையை ஓங்கிக் காட்டினேன். கேமரா அதையும் காட்டியிருக்கும். பின்னாலேயே அப்பாவுக்கு இருமல் வந்தது. திரையிலிருந்த பெண் முகத்தைச் சுளித்து, உங்கள் பக்கம் ஏதோ இரைச்சல்தான் கேட்கிறது, நீங்கள் பேசுவது புரியவில்லை என்றார். நான் குரலை உயர்த்தினேன். இன்னும் உயர்த்தினேன். கடைசியில், சரி செய்துவிட்டு மறுபடி வாருங்கள், இன்னொரு நாள் தருகிறோம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்கள்.

சேலைத் திரையை விலக்கி நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "உங்க ரெண்டு பேராலயும்தான் போச்சு. மனுசங்க இருக்கிற வீடா இது?" அம்மா கையில் கரண்டி இருந்தது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குச் சோற்றை நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் லேப்டாப்பைத் திறந்தாலே இருவரும் எழுந்து போய்விடுவார்கள். எங்கே போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

மைக்கை மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்று தோழி ஒருத்தியை லேப்டாப்பிலிருந்து அழைத்தேன். அவளும் ஏதோ கரகரப்புதான் கேட்கிறது என்றாள். வீட்டில் அப்போது யாரும் இல்லை. அது எனக்கு எதையாவது உணர்த்தியிருக்க வேண்டும். வெளியே ஓடும் வண்டிச் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் குரலைப் பதிவு செய்து லேப்டாப்பிலேயே கேட்டால் எல்லாம் சரியாகக் கேட்டது. எனக்குக் கேட்கிற குரல் எதிர்ப்பக்கத்துக்கு ஏன் கேட்கவில்லை என்பது புரியவில்லை. இணையத்தில் கண்ட கமாண்டுகளையெல்லாம் அடித்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்று ஸ்பீக்கரையும் நிறுத்திவிட்டது. அதைத் திரும்பப் பேச வைக்கவே ஒரு பகல் போனது.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் தமிழில் பேசிக்கொள்ளும் போன் குழு ஒன்றில் எப்போதோ சேர்ந்திருந்தேன். அதில் நான் ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. யாராவது சின்ன சந்தேகம் கேட்டால்கூட, பதில் சொல்கிறவர்கள் பேசும் பேச்சு எனக்கு உயரத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். தப்பிருந்தால் சிரிப்பார்களே என்று பல தடவை அழித்து அழித்து எழுதினேன். கொஞ்ச நேரத்தில், படமாகக் கிளியை வைத்திருந்த ஒருவர் தமிழில் பதில் போட்டார். எந்த லேப்டாப், எந்த லினக்ஸ், மைக் எந்த வகை என்று கேட்டு, இந்தக் கமாண்டை அடித்து வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள் என்றார். ஒட்டினேன். "நன்றி சார்" என்று எழுதினேன். "சார் இல்லீங்க, அக்கா" என்று வந்தது. அதற்கும் வெட்கப்பட்டேன்.

அந்த அக்கா அவசரப்படாதவர். ஒன்றைச் செய்யச் சொல்வார், முடிவைக் கேட்பார், பிறகுதான் அடுத்தது. நான் ஏற்கெனவே கண்டதையும் அடித்திருந்ததைச் சொன்னபோது திட்டவில்லை. அவை என்னென்ன என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வைத்தார். மறுநாள் மதியம், ஒரு சின்னப் பதிவு வேண்டும் என்றார். இரண்டு பக்க ஒலியும் தனித்தனியாக வரும்படி பதிகிற கமாண்டை எழுதி அனுப்பி, எதையாவது வழக்கமான குரலில் பேசுங்கள், நிறுத்திவிட்டுக் கோப்பை அனுப்புங்கள் என்றார்.

அன்று வெயில் கடுமையாக இருந்தது. சும்மா சோதனைதான், சத்தம் மட்டும் போடாதீர்கள் என்று அப்பாவையும் அம்மாவையும் அடுப்படியில் உட்காரச் சொன்னேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அட்டையில் பல்லி விழும் பலன் அச்சடித்திருந்தது. அதைப் படித்தேன். தலை, நெற்றி, தோள் என்று இறங்கிப் பாதத்துக்கு வந்தபோது போன் அடித்தது. ஜன்னலில்தான் போனை வைத்திருப்பேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். எடுத்தால் அந்தக் கம்பெனி. மறு நேர்காணலை நாளைக்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். பேச்சு விட்டு விட்டு வந்ததால் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டேன். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது எனக்குப் படபடப்பு. பதிவு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்தினேன். முதலிலிருந்து பேச நேரமில்லை என்று அதையே குழுவில் போட்டுவிட்டேன். போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை.

வெகுநேரம் பதில் வரவில்லை. பிறகு குழுவைப் பார்த்தால் நான் போட்ட பதிவு அங்கே இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு மட்டும் தனியாகச் செய்தி வந்திருந்தது. இன்றைக்கும் அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"உங்க பதிவைக் குழுவுல இருந்து எடுத்துட்டேன். நான்தான் அட்மின். பின்பாதியில வீட்டுப் பேச்சு இருக்கு. அதுக்குள்ள ரெண்டு மூணு பேரு இறக்கியிருக்கலாம், ஆனா முழுசாக் கேட்டிருக்க மாட்டாங்கனு நெனைக்கிறேன். பிரச்சினை என்னன்னு தெரிஞ்சிருச்சு. சாயங்காலம் எழுதுறேன்."

லேப்டாப்பில் போட்டால் அடுப்படிக்குக் கேட்கும். கோப்பைப் போனுக்கு மாற்றி, இயர்போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். பதிவில் பல்லி பாதத்தில் விழுந்தது. போன் அடித்தது. என் குரல் தூரமாகப் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம். பிறகு அப்பா இருமினார்.

"மெல்ல" என்றாள் அம்மா. "மெசின்ல ஏறிரும்."

"அவதான் வெளிய போயிட்டாளே."

"இருந்தாலும். போன்ல நாளைக்குன்னு சொல்லுதா, கேட்டீகளா? விடிஞ்சதுமே நாம கம்மாக்கரைக்குப் போயிருவோம். நம்ம பேச்சு அங்கன கேட்டா புள்ளைக்கு அசிங்கமா இருக்கும்."

"நேத்து வெயில்லயே கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"அத அவகிட்டச் சொல்லிறாதீக."

பிறகு அப்பா, "நான் அப்பிடி என்ன பேசிப்புட்டேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"நீங்க என்ன பேசுனீக? நான்தான் சோறு சோறுன்னு கத்துனேன். எம்புட்டுப் படிச்சிருக்கா, பெரிய ஆளுகளோட பேசிட்டிருக்கா, நடுவுல போயி சோறுன்னா? எனக்குத்தான் கூறு இல்ல."

அத்துடன் நான் உள்ளே வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. பதிவு முடிந்தது.

அந்தக் குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் எனக்கு வந்தது அப்பாவை நினைத்த வருத்தமோ அம்மாவை நினைத்த வருத்தமோ இல்லை. இதையெல்லாம் மற்றவர்கள் கேட்டுவிட்டார்களே என்பதுதான். எங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம், அப்பாவின் இருமல், "கூறு இல்ல" என்கிற வார்த்தை, எல்லாம் முகம் தெரியாத ஆட்களின் போனுக்குப் போய்விட்டதே என்றுதான் முதலில் கூசினேன். அப்படிக் கூசியதை உணர்ந்தபோது, கம்மாக்கரையில், கண்மாய் மேட்டு வெயிலில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி கண்ணில் வந்தது. உள்ளே போய் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொழுது சாயும்வரை அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் அக்கா விளக்கமாக எழுதியிருந்தார். என் லேப்டாப்பில் இரண்டு மைக் இருக்கிறது. அதில் ஒன்று மற்றதற்கு நேர் எதிராக ஒலியை வாங்குகிறது. ஒன்று மேலே போனால் மற்றது கீழே போகும். பதிவை லேப்டாப்பில் கேட்கும்போது இரண்டும் தனித்தனி ஸ்பீக்கரில் வருவதால் குரல் கேட்கும். இணையத்தில் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவார்கள். அப்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். லினக்ஸில் சில லேப்டாப்களுக்கு இந்தக் கோளாறு உண்டு. ஒரு மைக்கை நிறுத்திவிட்டால் போதும், மற்றது நன்றாக வேலை செய்யும்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அப்படியானால் முதல் நேர்காணலில் அவர்களுக்குக் கேட்ட இரைச்சல் என்ன?

"அது மைக்கோட சொந்த இரைச்சல். அழிஞ்சது போக மிஞ்சுனது. உங்க பக்கத்துல இருந்து வேற ஒண்ணுமே போயிருக்காது. நீங்க கத்தியிருந்தாலும் போயிருக்காது, பக்கத்துல இடி விழுந்திருந்தாலும் போயிருக்காது."

திரும்பத் திரும்ப அதைப் படித்தேன். அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டது போகவில்லை. அப்பாவின் இருமல் போகவில்லை. நான் கை ஓங்கியதைத் தவிர எங்கள் வீட்டிலிருந்து அன்று எதுவுமே வெளியே போகவில்லை.

அக்கா சொன்ன நிரலைத் திறந்தேன். கறுப்புத் திரையில் ஒலி அளவுகள் கம்பம் கம்பமாக நின்றன. மைக் கம்பத்தில் வலது மைக்குக்கான பாதியை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கினேன். அவ்வளவுதான் வேலை. சோதித்துப் பார்க்க அக்கா லேப்டாப்புக்கே அழைத்தார். அப்போதுதான் அவர் குரலை முதன்முதலாகக் கேட்டேன். "கேக்குதா? ஏதாச்சும் பேசுங்க" என்றார். நான் மைக்குக்குக் கிட்டே குனிந்தேன். "பல்லி விழும் பலன் வேணும்னாலும் படிங்க" என்றார். சிரிக்க முயன்று அழுதுவிட்டேன். மிச்சமிருந்த மைக் நன்றாக வேலை செய்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

அவர் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "நான் முழுசையும் கேட்டுட்டேன்ப்பா. ஒலி எங்க குறையுதுன்னு பாக்க அம்புட்டும் கேக்க வேண்டியதில்ல. ஆனா நிறுத்தத் தோணல. அது என் தப்புதான்."

பரவாயில்லை என்று சொன்னேன். அவர் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாக இருந்தது. கேட்டேன். பிறந்தது சாத்தூர் என்றார். தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த வீடாம். இப்போது ஓசூரில் இருக்கிறார். "இங்க வேலைக்கு வந்த புதுசுல எங்கம்மா போன் பண்ணுனா யாருக்கும் கேக்காம மாடிக்குப் போயித்தான் பேசுவேன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டால் வலது மைக் திரும்ப வந்துவிடும், அமைப்பைச் சேமித்து வைக்க வேண்டும், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கோளாறு மைக்கில்தான், நீங்கள் பேசியது எதுவும் அவர்களுக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது தப்பு என்றேன். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெசின் சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். அத்துடன் விட்டிருக்கலாம். மனதை இறக்கி வைக்கிற ஆசையில், கம்மாக்கரைப் பேச்சு பதிவில் ஏறிவிட்டது, அதைக் கேட்டேன், இனிமேல் நீங்கள் வெளியே போக வேண்டாம் என்றும் சொன்னேன்.

அம்மாவின் கை தட்டில் நின்றது. "எந்தப் பேச்சு?"

சொன்னேன்.

"அத யாரு யாரு கேட்டாக?"

ஓர் அக்கா மட்டும்தான், நல்லவர், நம் பக்கத்துக்காரர் என்றேன். மற்றவர்களைப் பற்றிச் சொல்லவில்லை.

"நம்ம பக்கமா?" என்றாள். முகம் கறுத்துவிட்டது. வெளியூர்க்காரி என்றால்கூடப் பரவாயில்லை என்பதுபோல் இருந்தது. "என்ன நெனச்சிருப்பா அவ? பெத்த புள்ள ஆத்தா அப்பன வெளிய வெரட்டுதுன்னு நெனச்சிருப்பா. ஒன்ன என்ன நெனச்சிருப்பா?" அப்பாவைப் பார்த்து, "நான் மெல்லப் பேசுங்கன்னு அப்பவே சொன்னேனா இல்லியா?" என்றாள். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கப் போய், அவள் தலையில் இன்னொரு வெட்கத்தைத் தூக்கி வைத்துவிட்டேன்.

மறுநாள் நேர்காணலின்போது இருவரையும் வெளியே போக விடவில்லை. போயே தீருவேன் என்றாள் அம்மா, போனால் நான் பேசவே மாட்டேன் என்றேன். சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விடும் சத்தம்கூட வரவில்லை. அதுவே எனக்குப் பேசுவதற்கு இடைஞ்சலாக இருந்தது. முன்பு வந்த அதே பெண், இன்று தெளிவாகக் கேட்கிறது என்றார். கேள்விகள் நன்றாகவே போயின. கடைசியில் அப்பா அடக்கி வைத்திருந்த இருமல் உடைந்தது. அவர் வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு இருமுவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"எங்கப்பா" என்றேன். "பட்டாசு ஆலையில் வேலை. அந்த இருமல்."

சொன்னபோது காது மடல் வரை சுட்டது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். இறங்கவில்லை. என் குரல் தணிந்துபோயிருந்தது, பட்டாசு என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

பேசும் வேலைக்கு என்னை எடுக்கவில்லை. வீட்டில் அமைதி போதாது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதே கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்கு எழுத்தில் பதில் சொல்லும் வேலை கொடுத்தார்கள். மைக்கே தேவைப்படாத வேலை. காரணத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. எழுத்து நன்றாக இருப்பதால் அந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்றேன். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள்.

ஆலை திறந்துவிட்டது. சீசன் நேரத்தில் இருவரையும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பகலில் பார்க்க முடிகிறது. எனக்கு மாதத்தில் சில நாள் கம்பெனிக் கூட்டம் இருக்கும், அதற்கு மட்டும் மைக்கைப் போட்டுப் பேச வேண்டும். அக்கா சொன்னபடி வலது மைக்கை நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். குழுவில் யாராவது அதே கோளாறைக் கேட்டால் இப்போது நானே பதில் எழுதுகிறேன். பதிவு கேட்கும்போது, அனுப்புமுன் ஒருமுறை நீங்களே கேட்டுப்பாருங்கள் என்று எழுதத் தவறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தால், நான் லேப்டாப்பைத் திறந்ததுமே அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளாகவே அப்படிப் பழகிவிட்டாள். "இங்கனயே இரும்மா" என்று நான் சொன்னால் உட்கார்ந்துகொள்வாள். பெரும்பாலும் சொல்லிவிடுகிறேன். மேலதிகாரிகள் வருகிற கூட்டமாக இருந்தால், சில நாள், திரையில் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொள்கிறேன். அவள் வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போகிறாள்.